சிங்கப்பல்லும் ரத்தக்காட்டேரியும்

வீட்டில் எடுக்கும் படங்களை அச்சிட்டு, பின்பக்கம் தேதியும் இடமும் எழுதி வைப்பது என் பழக்கம். கைப்பேசி வந்த பிறகும் அதை விடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் இது கேலிதான். ஆனால் அந்தப் பழக்கத்தால்தான் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. ஏழாம் வகுப்புக்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் என் மகள் வாய் திறந்து சிரிக்கவில்லை.

அவளுக்கு மேல்வரிசையில் இரண்டு பக்கமும் துருத்திய சிங்கப்பல். அவள் அம்மாவிடமிருந்து வந்தது. நான் ஸ்ரீவராகத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று, காபி கொண்டுவந்தவள் எதற்கோ சிரித்துவிட்டாள். அந்தப் பற்களைப் பார்த்துதான் சரி என்றேன். எங்கள் சொந்தத்தில் சிங்கப்பல்லை யாரும் குறையாகச் சொன்னதில்லை. களையான முகம் என்பார்கள், அதிர்ஷ்டம் என்பார்கள். மகளுக்கும் அதே இடத்தில் முளைத்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மகள் கழக்கூட்டத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். சென்ற அக்டோபர் கடைசியில் அங்கே ஹாலோவீன் கொண்டாட்டம் வைத்தார்கள். எங்கள் வீட்டில் கொலுப்படியைப் பிரித்துப் பரணில் ஏற்றி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ஒரு மாலை அவள் பையிலிருந்து நீளமான கறுப்பு அங்கி ஒன்றை எடுத்து நாற்காலியில் போட்டாள்.

"யாரோட வக்கீல் கோட்டுடி இது?" என்றாள் என் மனைவி.

"வக்கீல் இல்லைம்மா, வாம்பயர். ரத்தக்காட்டேரி. எங்க டீம் மொத்தமும் அதுதான் வேஷம். எல்லாருக்கும் சாலைக் கடைலேர்ந்து பிளாஸ்டிக் பல்லு வாங்கிண்டு வந்துட்டா. எனக்கு மட்டும் வாங்கலை."

"ஏனாம்?"

"'நினக்கு எந்தினு, ஒறிஜினல் உண்டல்லோ'ங்கறா."

உனக்கு எதற்கு, அசலே இருக்கிறதே என்று மலையாளத்தில் சொன்னார்களாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லும்போது கை வாயை மூடியிருந்தது. பிறகு, வேறு ஏதோ பேசுவதுபோல, "அடுத்த வாரம் பல் டாக்டர்ட்ட போறேன். எடுக்கணும்னா எடுத்துடலாம்," என்றாள்.

வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் நாக்கு தன் சிங்கப்பல்லைத் தொட்டுப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது.

எனக்கு ஒன்றைப் பற்றிக் கவலை வந்தால் அதன் வரலாற்றைத் தேடிப் போய்விடுவேன். ரத்தக்காட்டேரிக்கு இந்தப் பல் எப்போது முளைத்தது என்று தேடினேன். கிழக்கு ஐரோப்பியக் கிராமத்து ஜனங்கள் பயந்த காட்டேரி, உப்பிச் சிவந்த ஒரு பிணம். அதன் பல்லைப் பற்றி அவர்கள் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. கதை எழுதியவர்கள்தான் கூரிய பல்லைக் கொடுத்தார்கள். சினிமாவிலும் அது உடனே நிலைத்துவிடவில்லை. மௌனப்படக் காலத்தில் முன்பல் இரண்டும் எலிக்கு இருப்பதுபோல நீண்டிருந்தன. பேசும்படம் வந்த புதிதில் மேலங்கியும் வாரிய தலையும் உண்டு, நீண்ட பல் கிடையாது. கோரைப்பல் ஊன்றியது அதற்கும் பின்னால்தான். இன்று சாலைக் கடைத்தெருவில் ராக்கிக்கும் ஹோலிக்கு வண்ணநீர் பீய்ச்சும் பிச்காரிக்கும் பக்கத்தில் அந்தப் பல் தொங்குகிறது. பிஸ்கட் பொட்டலத்தில் இருக்கிறது, குழந்தைகளின் கார்ட்டூனில் இருக்கிறது, கைப்பேசியில் அனுப்பும் பொம்மை முகங்களிலும் இருக்கிறது. அந்தப் பிசாசைக் கண்டு இப்போது ஒரு குழந்தைகூடப் பயப்படுவதில்லை. பயம் போன பிறகும் பல் மட்டும் நின்றுவிட்டது. சிங்கப்பல் உள்ள ஒருத்தி சிரித்தால் எதிரில் இருப்பவனுக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

இதையெல்லாம் சாப்பிடும்போது மகளிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பா, இதை நான் எங்க டீம்ல பிரசன்டேஷன் பண்ணணுமா?"

"பண்ணேன். அந்தப் பல்லு சினிமாக்காரா ஒட்டவச்சது. நம்ம ஊர்ல சிங்கப்பல்லை யாரும் பிசாசோட சேர்த்துப் பேசினதே இல்லை."

"யாரு சொன்னா?" என்றாள் மனைவி. ரசப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "ஸ்கூல்ல என்னை யட்சின்னுதான் கூப்பிடுவா. சுண்ணாம்பு வேணுமா, சுண்ணாம்பு வேணுமான்னு பின்னாடியே வருவான்கள்."

பனைமரத்து யட்சி வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்டு, பிறகு ரத்தம் குடிப்பாள் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவளுக்கும் கோரைப்பல் உண்டு. எனக்குத்தான் அது தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் மனைவி இதை என்னிடம் சொன்னதுமில்லை.

"நீ என்ன பண்ணினே?" என்று மகள் கேட்டாள்.

"பல்லைக் காட்டிண்டு கோட்டை வாசல் வரைக்கும் துரத்தினேன். அப்புறம் ஒருத்தனும் வரலை."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உனக்குத் துரத்தத் தெரிஞ்சுதும்மா. எனக்கு யாரையும் துரத்த வேண்டா. அவாளோட சேர்ந்து சிரிக்கணும். அவ்வளவுதான்."

என் வரலாறு அத்தோடு முடிந்தது. மனைவி ரசத்தை ஊற்றிவிட்டு, "டாக்டர்ட்ட நானும் வரேன்," என்றாள்.

கொண்டாட்டத்துக்கு மகள் அங்கியோடு போனாள். அந்தப் படத்தையும் அச்சிட்டு வைத்திருக்கிறேன். எல்லோரும் பிளாஸ்டிக் பல்லைக் காட்டி நிற்கிறார்கள். அசல் பல் உள்ளவள் மட்டும் வாயை இறுக்கி மூடியிருக்கிறாள்.

பல் மருத்துவமனை தம்பானூரில், ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் இருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்களுக்காக மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

"சிங்கப்பல்லை நாங்கள் எடுக்க மாட்டோம் கேட்டோ. வாயில அதுக்குத்தான் வேர் நீளம், நல்ல உறப்பு. அடுத்துள்ள சின்னப் பல்லை எடுத்து இடம் கொடுத்து, கம்பி போட்டா, அது மெதுவா இறங்கி வரிசைக்கு வந்துடும்."

"அப்போ அது அங்கேயேதான் இருக்குமா?" என்று மனைவி கேட்டாள்.

"இருக்கும் அம்மா. துருத்திண்டு நிக்காது, அவ்வளவே உள்ளூ."

மனைவி தலையாட்டினாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மகளிடம், "உனக்குச் சம்மதம்தானே?" என்றாள். மகள் சம்மதம் என்றாள்.

சிகிச்சைக்கு முன் படம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் மகளை வெள்ளைச் சுவரோடு நிறுத்தினார். "நல்லா சிரிக்கணும். பல்லு முழுக்கத் தெரியணும்." மகள் உதட்டைப் பிரித்தாள், உடனே கை தானாக மேலே வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி கை வந்தது. டாக்டர் கேமராவோடு காத்திருந்தார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். பத்து விரலையும் நகமாக வளைத்து, இரண்டு சிங்கப்பல்லும் தெரிய வாயைத் திறந்து, மகளை நோக்கி ஓரடி வைத்தாள்.

"சுண்ணாம்பு இருக்கா?"

மகள் வெடித்துச் சிரித்தாள். டாக்டர் படம் எடுத்துவிட்டார்.

அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன். கம்பி போட்டாயிற்று, அடுத்து எடுக்கும் படங்களில் பல் மாறிக்கொண்டே வரும். இந்தப் படத்தின் பின்னால் தேதியும் தம்பானூர் என்றும் எழுதினேன். மனைவி படத்தில் இல்லை. அதனால் மகள் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதையும் அதன் கீழே எழுதி வைத்தேன்.