காலி நிலம் என்று எழுத விடாதவர்

செய்தி வந்தபோது நான் சுங்கை வேயில் காருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். டாக்டர் யோகமலரின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார். "எந்த சைட்டுக்கு?" என்று கேட்டேன். மறுமுனையில் அவர் சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே அழவும் தொடங்கினார். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர் எழுந்து சேற்றில் இறங்கப் போய்விட்டார் என்று நம்புவதுதான் எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அவரோடு பழகியவர்களுக்கு இது விளங்கும்.

பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் புல்வெளிகளை ஆராய்ந்தவர். பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, நான் வேலை பார்க்கும் நிலத் திட்ட அலுவலகத்துக்கு ஆலோசகராக வந்துபோனார். நான் அங்கே வரைபடம் வரைகிறவன். புல் தண்ணீரை எப்படி மண்ணுக்குள் விடுகிறது, மண்ணை எப்படிப் பிடித்து வைக்கிறது, யார் யாருக்குத் தீனி போடுகிறது என்பதெல்லாம் அவர் படிப்பு. இவற்றுக்குச் சூழலியல் சேவைகள் என்று பெயர் இருக்கிறது. அவருக்கு அந்தப் பெயர் ஆகாது. "சேவைன்னா யாரோ நன்கொடை கேட்டு வர்ற மாதிரி இருக்கு" என்பார்.

எங்கள் முதல் சண்டை ஒரு சொல்லுக்காக வந்தது. கிள்ளானில் ஆற்றுக்கும் ஒரு தாமான் குடியிருப்புக்கும் நடுவே, உயர் மின்கம்பிகளுக்கு அடியில், தாழ்வான ஒரு புல்வெளி கிடக்கிறது. வரைபடத்தில் அதற்கு நிறம் எதுவும் கொடுக்காமல் 'தானா கோசோங்' என்று மலாயில் குறித்திருந்தேன். காலி நிலம். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் குறிப்பார்கள். கட்டடம் இல்லாவிட்டால் காலி.

"யார் இதப் போட்டது?" என்றார்.

"நான்தான் டாக்டர்."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத எடத்துல மாடு என்னத்த மேயுது?"

அன்றைக்கே என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார். சாப்பிடக்கூட விடவில்லை. அடிப்பக்கம் வெட்டிய ஒரு பால்மாவு டின்னைப் புல்லுக்குள் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றினார். பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கிவிட்டது. பக்கத்தில் யாரோ லோரியில் மண் கொட்டி இறுக்கிய இடத்திலும் அதையே செய்தார். அங்கே தண்ணீர் டின்னுக்குள் அப்படியே நின்றது. வெயிலில் நானும் நின்றேன். அலுவலகம் திரும்பியதும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. நான் அவரை "டாக்டர், டாக்டர்" என்று கூப்பிடுவதைக் கேட்ட மாட்டுக்காரர் நாகப்பன், நொண்டும் கன்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் மாட்டு டாக்டர் இல்லண்ணே. புல்லு டாக்டர்."

"புல்லுக்கு என்னா சீக்கு?"

"மனுசன்தான்" என்றார், சிரிக்காமல்.

ஆனாலும் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவருக்கு ஃபோன் போட்டு, அவர் வந்து சேரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பசி காதை அடைத்தது.

அவரோடு வேலை செய்வது சுகமான காரியம் என்று பொய் சொல்ல மாட்டேன். அறிக்கைகளைத் தாமதமாகத்தான் கொடுப்பார். அடுத்தவர் வாக்கியத்தை முடிக்க விடமாட்டார். நாகப்பனோடும் மோதல் வந்தது. ஒரே இடத்தில் மாடு நின்று மிதித்தால் அங்கேயும் தண்ணீர் இறங்காது, ஆகவே புல்வெளியைப் பிரித்து, ஒரு பக்கம் மேயும்போது மறுபக்கம் ஓய்வில் கிடக்க வேண்டும் என்றார். "மாட்டுக்கு மலாயும் தெரியாது, தமிழும் தெரியாது லா. போர்டு வச்சா படிக்குமா?" என்று நாகப்பன் கத்தினார். டாக்டர் மறுமுறை போகும்போது வேலிக் கம்பியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

பெரிய சோதனை தாமான் குடியிருப்பாளர்களிடமிருந்து வந்தது. நல்ல எண்ணத்தில்தான் வந்தது, அதுதான் தொல்லை. லோரி லோரியாக மண் கொண்டுவந்து புல்வெளியை மேடாக்கி, மரம் நட்டு, நடைபாதை போடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அவர்களின் தலைவர் காதர் பாய், துணிக்கடை வைத்திருப்பவர். தாமானிலேயே தாழ்வான வீடு அவருடையது. டாக்டர் கூட்டத்தில் எழுந்து இது கூடாது என்றதும், "மரத்துக்கு எதிரா பேசுற மொத டாக்டர் இவங்கதான் லா" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"டாக்டர், மழ வந்தா என் வீட்டுக்காரம்மா மெத்தையத் தூக்கி மேச மேல போடுறாங்க. நீங்க புல்லுக்கு வக்காலத்து வாங்குறீங்க."

"அந்தப் புல்லு வாங்கிக்கிற தண்ணிதான் பாய், உங்க வீட்டுக்கு வராத தண்ணி. பள்ளத்த மேடாக்கினா அது எங்க போகும்? உங்க மெத்தைக்குத்தான்."

மரம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சாலையோர மேட்டில் நடுங்கள், பள்ளத்தை விட்டுவிடுங்கள், தாமானிலிருந்து புல்வெளிக்குப் போகும் அடைபட்ட கால்வாயைத் திறந்துவிடுங்கள் என்றார். பல கூட்டங்கள் நடந்தன. கடைசியில் பாய் அரை மனதோடு ஒப்புக்கொண்டார். "இதுக்கப்புறமும் என் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா ஒங்க வீட்ல வந்து படுத்துக்குவேன்" என்றார். டாக்டர், "ஓம், வாங்கோ" என்றார். அவர் தன் வீட்டு யாழ்ப்பாணத்துத் தமிழை வெளியே எடுப்பது பயந்திருக்கும்போது மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். தன் பேச்சை நம்பி ஒரு குடும்பம் மழைக்காலத்துக்குள் போகிறது என்ற பயம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. மருத்துவமனையிலும் என்னிடம் வானிலையைத்தான் விசாரித்தார்.

இறுதிச் சடங்கில் எனக்கு அழுகை வரவில்லை. கார்களை எங்கே நிறுத்துவது என்று வந்தவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கிள்ளானில் மழை கொட்டியது. காதர் பாய் ஃபோன் செய்தார்.

"தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துச்சு தம்பி. உள்ள வரல. டாக்டருக்குச் சொல்லலாம்னு நம்பர அடிச்சிட்டேன். ரிங் போவுது. அப்பதான் ஞாபகம் வந்துச்சு."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "ஒரு மழைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது பாய். எவ்வளவு பேஞ்சது, ஆறு எவ்வளவு ஏறுச்சுன்னு பாக்கணும்" என்றுதான் வாயில் வந்தது. ஜெயித்த நேரத்தில்கூட ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள விடாத அந்தப் பிடிவாதம் என்னுடையது அல்ல. அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அதுதான், இனி அதைக் கழற்ற எனக்கு விருப்பமும் இல்லை.

"அவங்களும் இதத்தான் சொல்லியிருப்பாங்க" என்றார் பாய். அப்போதுதான் அழுதேன்.

மறுநாள் காலை, டாக்டர் நட்டுவைத்திருந்த மழைமானியைப் பார்க்கப் புல்வெளிக்குப் போனேன். எனக்கு முன்பே வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மழைமானியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் பாய்.