பிறந்த வீட்டுக் கோடி

பிணமாக நடிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் புரட்டாசிப் புழுக்கத்தில் ஒரு தடவை படுத்துப் பார்க்க வேண்டும். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத்துணிக் கட்டு, கழுத்து முழுக்க சம்பங்கி மாலை. ஈ வந்து உதட்டில் உட்காரும். ஓட்ட முடியாது. சுற்றிலும் முப்பது பேர் அழுவார்கள், அதில் ஒருத்தி நம் மேலேயே மூக்கைச் சிந்துவாள். நாம் அசந்து தூங்கவும் கூடாது, தூங்கினால் வயிறு ஏறி இறங்கும்.

எனக்கு அந்த வேடம் வந்ததற்குக் காரணம் உண்டு. மாடலிங்கிலிருந்து வந்தவளுக்கு நடிப்பு வராது என்பது சினிமாவில் எழுதாத சட்டம். நிற்கச் சொல்லலாம், நடக்கச் சொல்லலாம், பேசச் சொல்லக் கூடாது. முதல் படத்தில் ஒரு மழைப்பாட்டு, அடுத்ததில் கதாநாயகியின் தோழி, அதற்கப்புறம் கதாநாயகனின் தங்கை. ஒவ்வொரு படத்திலும் வசனம் குறைந்துகொண்டே வந்தது. இந்தப் படத்தில் கதாநாயகனின் மனைவி. கதை தொடங்கும்போதே செத்துக் கிடப்பவள். அதாவது வசனமே கிடையாது. என் திறமைக்கேற்ற வாய்ப்பு என்று நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

ஊர் திருவையாற்றுக்கு அந்தப் பக்கம். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம். அப்பா குத்தகை பிடித்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, என்னைத் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்க வைத்தார். கல்லூரி விழாவில் என்னைப் பார்த்த ஒரு பட்டுக்கடைக்காரர் விளம்பரத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டார். கல்யாணப் பெண் மாதிரி அரக்குப் பட்டு, வாய் நிறையச் சிரிப்பு. அந்த ஃப்ளெக்ஸ் போர்டு புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நின்றபோது, அப்பா வேலையே இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வருவார் என்று அம்மா சொல்லுவாள்.

அந்த மழைப்பாட்டு வந்ததோடு எல்லாம் நின்றது. திட்டவில்லை, கை ஓங்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். நான் ஊருக்குப் போனால் வயலுக்குத் தண்ணீர் பார்க்கக் கிளம்பிவிடுவார். நடவே ஆகாத வயலுக்கு என்ன தண்ணீர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள், பக்கத்தில் அவர் கனைப்பது கேட்கும். இவ்வளவு வீம்பு பிடித்த மனிதரிடம் நானும் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் கும்பகோணம் போகும் வழியில், எங்கள் ஊரிலிருந்து பஸ் தூரத்தில், படப்பிடிப்புக்கு வந்ததை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

படப்பிடிப்பு நடந்தது ஒரு பழைய பண்ணையார் வீட்டில். வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் சொந்தக்காரர்களுக்குப் போன் போவதற்கு முன்னால் சுவரில் போஸ்டர் ஏறிவிடும். கண்ணீர் அஞ்சலி, ஒரு கண், அதிலிருந்து ஒரு சொட்டு, நடுவில் செத்தவரின் சிரித்த முகம். கதையிலும் அது உண்டு. ஆர்ட் டைரக்டர் கும்பகோணத்தில் அச்சடித்து வாங்கி, ஒரு காட்சிக்காக பஸ் ஸ்டாப் சுவர் முழுக்க ஒட்டினார். என் படமாக அவர் எடுத்துப் போட்டது அந்தப் பட்டுக்கடைப் படம். பெயர் மட்டும் கதையில் வருபவளின் பெயர். கீழே துயரத்துடன் என்று கணவர், மாமனார், மாமியார், கொழுந்தனார் எல்லார் பெயரும் இருந்தன. பிறந்த வீட்டார் பெயர் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் கதைப்படி அவள் அநாதை. காட்சி முடிந்தது. போஸ்டரைக் கிழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் இழவுக் காட்சி. வாசலில் ஷாமியானா, பறை, நடுக்கூடத்தில் பெஞ்சில் நான். டைரக்டர் ஆக்‌ஷன் சொல்லி, பெண்கள் மாரடித்து அழ ஆரம்பித்து, காட்சி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போது கால்மாட்டில் ஒரு குரல் கேட்டது.

"ஐயா, பொண்ணோட அப்பாங்க."

இது யார் குரல் என்று எனக்குத் தெரியும், ஆனால் இந்தக் குரல் இங்கே இருக்க வழியே இல்லை. புழுக்கத்தில் மயக்கம் வந்துவிட்டது, கனவு காண்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பொறந்த வீட்டுக் கோடி கொண்டாந்துருக்கேன். ஒங்களுக்குச் சம்மதம்னா போட்டுட்டுப் போயிடுறேங்க. ஓரமாத்தான் நிப்பேன்."

கல்யாணமான பெண் செத்தால் அவளைப் பெற்ற வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வந்து மேலே விழ வேண்டும். அதுதான் கோடி. அது வராமல் எடுக்க மாட்டார்கள். பெற்றவன் வந்தால் வீடே ஒதுங்கி வழி விடும், எங்கள் பக்கம் அதற்கு அனுமதி கேட்டவரை நான் பார்த்ததில்லை. என் அப்பா கேட்டார். தலையில் சும்மாடு போட்டு நெல்மூட்டை தூக்கிய காலத்தில்கூட யாரிடமும் குழைந்து பேசாத மனிதர், சினிமாவில் எனக்குப் புருஷனாக நடிக்கும் ஒருவனிடம், என் மேல் ஒரு சேலை போடட்டுமா என்று கேட்டார்.

கதாநாயகன் நல்ல நடிகன். டைரக்டர் தன்னிடம் சொல்லாமல் ஒரு பாத்திரத்தைச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்துக் கைகூப்பித் தலையாட்டியிருக்கிறான். டைரக்டரோ, ஏஜென்ட் அனுப்பிய துணை நடிகர் சொந்தமாக வசனம் போட்டு வெளுத்து வாங்குகிறார் என்று கட் சொல்லாமல் விட்டுவிட்டார். மாலையும் கையுமாக வந்தவரை வாசலில் நின்ற ஆளும் தடுக்கவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது சேலையின் கஞ்சி வாசனை மட்டும்தான். மேலே விரித்தார். பாதம் வெளியே தெரிந்ததோ என்னவோ, முனையை இழுத்து என் காலை மூடிவிட்டார். அவர் கை பட்டதும் கண்ணைத் திறந்துவிட்டேன்.

"அப்பா."

அவர் கத்தவில்லை. என்னையே பார்த்தார். அடுத்த நொடி பாய்ந்து அந்தச் சேலையை என் மேலிருந்து உருவினார். மாலை அறுந்தது, மூக்குப் பஞ்சு விழுந்தது. உயிரோடு இருக்கிறவள் மேல் கோடி கிடக்கக் கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் அவர் மண்டையில் ஓடியிருக்கிறது. சேலையைச் சுருட்டிக்கொண்டு, காமிரா டிராலியைத் தாண்டி வெளியே ஓடினார். யாரோ சிரித்தார்கள். டைரக்டர் அப்போதுதான் கட் சொன்னார்.

தாடைக்கட்டோடு பின்னாலேயே ஓடினேன். வீட்டுக்கு எதிரே வாய்க்காலில் தண்ணீர் கரை தளும்பப் போய்க்கொண்டிருந்தது. சேலையை அதில் விட்டுவிட்டு, மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் மதகில் உட்கார்ந்தோம். பிணமாக நடித்தவர் எழுந்ததும் காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆகாது என்று சினிமாவில் ஒரு வழக்கம். அதற்காக மேனேஜர் கூப்பிட வந்தார். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

உரம் வாங்க கும்பகோணம் பஸ்ஸில் போனாராம். ஜன்னல் வழியாக போஸ்டரைப் பார்த்ததும் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறார். எனக்குப் போன் போட்டிருக்கிறார், பேச்சு நின்ற பிறகு முதல் தடவையாக. ஷாட்டுக்காக அணைத்து வைத்திருந்தேன். பெயர் வேறாக இருந்ததை சினிமாப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அம்மாவிடம் சொல்லாமல் கடைக்குப் போய்ச் சேலையும் மாலையும் வாங்கியிருக்கிறார். டீக்கடையில் போஸ்டரைக் காட்டி அந்த வீட்டுக்கு வழி கேட்டதற்கு, படப்பிடிப்பு பார்க்க வந்தவர் என்று நினைத்து, எல்லாரும் அங்கதான் போறாங்க, நீங்களும் போங்க என்று கையைக் காட்டியிருக்கிறார்கள்.

"காமிரா, லைட்டு, இவ்வளவு கூட்டம். அதப் பாத்துமா தெரியல?"

"நடிகை செத்தா டிவிக்காரன் வரமாட்டானா? நான் அப்புடித்தான் நெனச்சேன்."

பயம் இறங்க இறங்க கோபம் ஏறியது. செத்துவிட்டேன் என்று நம்பியதைக்கூட விட்டுவிடலாம். சுவரில் ஒட்டியிருந்தால் யாரும்தான் நம்புவார்கள். இன்னொன்றை எப்படி நம்பினார்?

"ஒரு பெரிய வீட்டுல கட்டிக்கிட்டு, அப்பா அம்மா இல்லன்னு சொல்லி, ஒங்கள மறச்சு வெச்சு வாழ்வேன்னு நெனச்சீங்களா? அவ்வளவு கேவலமானவளா நான்?"

"இதுல நம்பறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றார். கோபமே இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லும் குரல்தான். "நான் கூடத்தான் பேசாம இருந்தேன். ஏதோ ஒரு எடத்துல நம்மளச் சொல்லிக்க வேணாம்னு நெனச்சிருக்கும் புள்ளன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பு இல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தெருவிலேயே, வேலி ஓரமாகக் கழற்றி விட்டிருந்தார். அந்த வீட்டு வாசல் வரைக்கும்கூடப் போட்டுக்கொண்டு போகவில்லை.

"இத வாடகைக்கு எடுத்துருக்காங்கப்பா. சினிமாக்காரங்க. யாரு வீடும் இல்ல."

அவர் திரும்பி அந்த மாடியை, தேக்குத் தூணை, கேட்டை எல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு என் தாடைக்கட்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"கோடியக் கையில வெச்சுக்கிட்டு இங்கதான் நின்னேன். உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோன்னு இருந்துச்சு. வீட்ட நல்லாப் பாத்தேன். சரி, இருந்தவரைக்கும் எம்பொண்ணு நல்லாத்தான் வாழ்ந்துருக்கான்னு தோணுச்சு. அதுல கொஞ்சம் சந்தோசமாக்கூட இருந்துச்சும்மா."