ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பேய் நாடகம்

பள்ளிக்கூடத்தில் நாடகம் என்று யார் பேச்செடுத்தாலும் அது கடைசியில் தமிழாசிரியை தலையில்தான் வந்து விழும். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் பதினோரு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். ஆண்டுவிழாவுக்கு நாடகம் போட்டுப் போட்டு எனக்கு அது பழகிப்போயிருந்தது. ஆனால் அந்த ஜூன் மாதம் நாடகம் கேட்டு வந்தது எங்கள் ஹெச்.எம். இல்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. குரலை உயர்த்தியே பேசாதவர். இடைவேளையில் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், மேட்டூர் திறந்துட்டாங்க. இன்னும் பத்துப் பன்னெண்டு நாள்ல நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்துடும். அதுக்குள்ள உங்க பிளஸ் ஒன் புள்ளைங்கள வச்சு எங்க பசங்களுக்கு ஒரு நாடகம் போட்டுத் தர முடியுமா?"

"எதைப் பத்திங்க?"

"தண்ணிகிட்ட போகாதீங்கன்னு."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் தண்ணீர் வந்த மூன்றாம் நாள் அவருடைய பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் அந்த வாய்க்காலில் மூழ்கிப் போய்விட்டான். மாசி, பங்குனியிலிருந்து காய்ந்து கிடந்து, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடம் அது. தண்ணீர் திறந்தால் ஒரே நாளில் பெரிய ஆளுக்கே நெஞ்சளவு ஓடும். எங்கள் வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வாய்க்கால் கரை தெரியும். அன்றைக்குக் கூடிய கூட்டத்தை நான் அந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நின்று பாடம் நடத்துவதை விட்டுவிட்டேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து ஒரே யோசனைதான். ஐந்து வயதுக் குழந்தையிடம் என்ன சொன்னால் அது தண்ணீருக்குப் போகாமல் இருக்கும்? தப்பான நாடகத்தைப் போட்டு, அதைப் பார்த்த பிள்ளைகளில் ஒன்று மறுபடியும் போய்விட்டால்? வீட்டில் சமைக்கும்போதும் இதே நினைப்பு. பாலைப் பொங்கவிட்டேன்.

நூலக அலமாரியைக் குடைந்ததில் இரண்டு நாடகங்கள் கிடைத்தன. ஒன்றில் காட்டு விலங்குகள் கூட்டம் போட்டு நியாயம் பேசின. குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் தண்ணீரே வராது. இன்னொன்றில் ஒரு ராஜா ஏரி வெட்டினார். அவர் பேசுகிற ஒவ்வொரு வசனமும் அரைப் பக்கம். ஒன்றாம் வகுப்பு அப்படியே சாய்ந்து தூங்கிவிடும்.

நடிக்க வந்திருந்த எட்டு மாணவிகளோடு புங்கமரத்தடியில் உட்கார்ந்து, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர்களில் ஒருத்தி என்னைவிட உயரம். கடைசி பெஞ்ச்காரி. இறைவணக்கத்தின்போது அவள் குரல் மைக் இல்லாமலே சாலைவரை கேட்கும். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"பேய் வச்சுப் போடலாம் மிஸ். வாய்க்காலுக்குள்ள ஒரு பேய் இருக்கு. கிட்ட வர்ற புள்ளைங்க காலைப் புடிச்சு இழுக்குது. நான் பண்றேன் மிஸ், சூப்பரா பண்ணுவேன்."

பக்கத்தில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். "சின்னப் புள்ளைங்க பயந்துடுமே மிஸ்," என்றாள்.

நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பயப்படட்டும். பயந்தாதான் போகாதுங்க."

இப்போது யோசித்தால் தெரிகிறது, பயந்துபோயிருந்தது நான்தான். என்னிடமிருந்ததை அப்படியே குழந்தைகளுக்குக் கொடுத்தேன்.

ஒத்திகை ஒரு வாரம் நடந்தது. நெல் மூடும் நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கிழித்து உடையாக்கினார்கள். உயரமான பெண் தலையை விரித்துப் போட்டு, முகத்தில் பச்சரிசி மாவு அப்பி, கண்ணைச் சுற்றிக் கரியால் வட்டம் போட்டுக்கொண்டாள். கையை வாளித் தண்ணீரில் நனைத்துத் தரையில் அறைந்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். முதல் தடவை அவள் அப்படி வந்தபோது நானே இரண்டடி பின்னால் போனேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. தலைமையாசிரியையிடம் போய், "பிரமாதமா வந்திருக்குங்க," என்றேன்.

அவர் ஒரு யோசனை சொன்னார். எல்லா வகுப்புக்கும் போடுவதற்கு முன் ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம் என்றார். வியாழக்கிழமை காலை, பதினோரு மணிக்கு. தண்ணீர் திங்கட்கிழமைதான் வரும் என்று ஊரில் பேச்சு.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்துப் பதினெட்டுக் குழந்தைகளை உட்கார வைத்திருந்தார்கள். முதல் பாதியில் நன்றாகச் சிரித்தார்கள். மீன் பிடிக்கப் போகும் இரண்டு பிள்ளைகளாக நடித்தவர்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். பிறகு தார்ப்பாய் சரசரத்தது. ஈரக் கை தரையில் அறைந்தது. பேய் வந்தது.

அலறல் என்றால் அப்படி ஒரு அலறல். சில பிள்ளைகள் டீச்சர் மடியில் பாய்ந்தன. ஒன்று அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டது. பேயாக நடித்தவள் பதறிப்போய், "அக்காடா, அக்காதாண்டா," என்று கையை நீட்ட, அது இன்னும் மோசமாகிவிட்டது. ஒவ்வொன்றாகத் தூக்கி, முகம் துடைத்து, சமாதானம் செய்து உட்கார வைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. வகுப்பு ஆசிரியை தலையை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஒரு பாப்பா குறையுது டீச்சர்," என்றார்.

கழிவறையில் இல்லை. சமையல் கூடத்தில் இல்லை. மேசைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், எங்கும் இல்லை. சத்துணவுக்குக் காய்கறி இறக்க வந்த ஆட்டோவுக்காக வாசல் கேட் திறந்திருந்தது. நான் கேட்டை நோக்கி ஓடியபோது சமையல்கார அம்மா எதிரே வந்தார்.

"தெரியுமா டீச்சர்? லஸ்கர் காலையிலேயே மதகைத் திறந்துட்டாராம். தண்ணி வந்துருச்சு."

மதகு திறக்கிற ஆளைத்தான் எங்கள் பக்கம் லஸ்கர் என்போம். அந்த அம்மா அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். குறுவைக்குத் தண்ணீர் வந்தால் ஊருக்கே சந்தோஷம்தான். நான் அவரை விலக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. செருப்பு எங்கே போனதென்றும் தெரியவில்லை. கரையேறிப் பார்த்தேன். நேற்றுவரை பொடிமண்ணாகக் கிடந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு போனது. அது போகிற திசையில்தான் ஓட வேண்டும் என்று தோன்றியது. ஏன் அந்தத் திசை என்று நினைத்தவுடன் இன்னும் வேகமாக ஓடினேன். எனக்கு முன்னால் அந்த உயரமான பெண் தார்ப்பாயோடு, மாவு முகத்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியும். எனக்குத் தெரியாது. ஓடியபடியே தண்ணீரைப் பார்த்தேன். மிதந்த ஒவ்வொரு துணியும், ஒவ்வொரு மட்டையும் அந்தக் குழந்தையாகத் தெரிந்தது.

ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். "யூனிபாரம் போட்ட சின்னப் பொண்ணு எதுனா போச்சாங்க?" என்று கத்தினேன்.

"தனியா ஒண்ணு போச்சு. வீட்டுக்குப் போவுதுன்னு நெனச்சேனே," என்றார், கையால் படித்துறைப் பக்கம் காட்டி.

அப்போது முன்னால் ஓடியவள் சட்டென்று நின்றாள். நின்றவள் அப்படியே காட்டாமணக்குப் புதருக்குப் பின்னால் குந்திவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தாள். கிட்டே போனேன்.

"இருக்கா மிஸ். கடைசிப் படியில உக்காந்திருக்கா," என்று கிசுகிசுத்தாள். "நான் போகல மிஸ். என் மூஞ்சியப் பாத்தான்னா தண்ணிக்குள்ள விழுந்துருவா."

மாவு வழிந்து அவள் கழுத்தில் இறங்கியிருந்தது. அழுதிருக்கிறாள். அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றியிருக்காது. பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு போய் நின்றிருப்பேன்.

தனியாகப் போனேன். படித்துறையில் ஐந்து படி. கடைசிப் படிமேல் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை பாதத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் மேல்படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். மெதுவாகக் கேட்டேன்.

"இங்க என்னம்மா பண்றே?"

திரும்பிப் பார்த்தது. பயமே இல்லை அந்த முகத்தில். "தண்ணி வந்துருக்கு டீச்சர்."

"ஆமாம்மா. ஸ்கூல்ல எல்லாரும் உன்னத் தேடுறாங்களே. ஏன் வந்துட்டே?"

"பேய் வந்துச்சுல்ல."

"இங்க பயமா இல்லையா உனக்கு?"

எனக்கு இவ்வளவுகூடத் தெரியவில்லையே என்பது போல என்னைப் பார்த்தது. "பேய்தான் ஸ்கூலுக்கு வந்துருச்சே. இங்க இப்ப இல்ல."

அதற்குள் அதன் கை எட்டியது. மணிக்கட்டைப் பிடித்து, இழுத்து, மடியில் போட்டுக்கொண்டேன். எவ்வளவு இறுக்கினேனோ, "வலிக்குது டீச்சர்," என்றது. பிறகு, "ஏன் இப்படி ஆடுறீங்க?" என்று கேட்டது. என் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. படியேறி நடந்தபோதும் நிற்கவில்லை. புதருக்குப் பின்னால் இருந்தவள், நாங்கள் கண்ணிலிருந்து மறைகிற வரை வெளியே வரவில்லை.

குழந்தையின் அம்மா நாற்றங்கால் வேலையிலிருந்து சேற்றுக்காலோடு வந்தார். தலைமையாசிரியை பேச வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். பேய் என் ஏற்பாடு என்பதையும் சொன்னேன். அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"வீட்ல நாங்களும்தான் டீச்சர் பூச்சாண்டி வருதுன்னு சொல்லி வச்சிருக்கோம்," என்றார். "ஆனா நீங்க படிச்சவங்க." அவ்வளவுதான். கொடுத்த டீயைத் தொடாமல் போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் குழந்தை பள்ளிக்கு வரவில்லை.

மறுநாள் புங்கமரத்தடியில் எட்டுப் பேரும் இருந்தார்கள். உயரமானவள் தரையைப் பார்த்தபடி, "என்னாலதானே மிஸ்," என்றாள்.

"இல்லம்மா. நீ சொன்னே, அவ்வளவுதான். போடலாம்னு முடிவெடுத்தது நான்." பிறகு கண்ணாடிக்காரியிடம், "நீ அன்னைக்கே சொன்னே. நான் கேட்டிருக்கணும்," என்றேன்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதுங்க எதுக்கு மிஸ் வாய்க்காலுக்குப் போவுதுங்க? அதை யாருமே கேக்கலையே," என்றாள்.

கேட்கப் போனோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பந்து விழுந்துவிடும். மீன்குஞ்சு வரும். கால் கழுவ. செருப்பு போய்விட்டால் அம்மா அடிக்கும், அதனால் எடுக்கப் போவோம். ஒரு பையன், "சும்மா," என்றான்.

அதிலிருந்து அந்தப் பெண்களே எழுதினார்கள். ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு வாத்து, ஒரு நண்டு. மூன்றும் பந்து விளையாடுகின்றன. பந்து வாய்க்காலில் விழுகிறது. ஆட்டுக்குட்டி எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிற குழந்தைகள், "நில்லு! ஆளக் கூப்புடு!" என்று கத்த வேண்டும். பேய் கிடையாது, யாரும் சாகமாட்டார்கள். உயரமானவள் தனக்கு வேஷம் வேண்டாம் என்றாள். கெஞ்சிக் கேட்ட பிறகு, நீளக் கம்போடு வந்து பந்தை எடுத்துத் தரும் மாமாவாக வர ஒப்புக்கொண்டாள். ஒரு நிபந்தனை போட்டாள். மீசையைக் குழந்தைகள் எதிரிலேயே ஒட்டிக்கொள்வேன் என்றாள்.

அடுத்த புதன்கிழமை போட்டோம். கேட்டைப் பூட்டிச் சாவியை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். அந்தப் பாப்பா வந்திருந்தது. வகுப்பு ஆசிரியையின் புடவையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தது. நான் நாடகத்தைப் பார்க்கவேயில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து விழுந்தது. ஆட்டுக்குட்டி கரைக்குப் போனது. ஒரு குழந்தையும் வாய் திறக்கவில்லை. போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன். பிறகு பின்வரிசையில் ஒரு பையன், "நில்லு!" என்றான். அடுத்த தடவை பத்துப் பேர். அதற்கடுத்த தடவை கூரை அதிர்ந்தது.

மாமா வருகிற நேரம். உயரமான பெண் முன்னால் வந்து, மீசையைக் கையில் வைத்துக் காட்டினாள். அப்போது அந்தப் பாப்பா எழுந்து நின்றது.

"இந்த அக்காதானே பேய்?"

நான் முடிச்சில் இருந்த சாவியை இறுக்கிப் பிடித்தேன். உயரமானவள் மீசையை ஒட்டாமலே முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"ஆமா. நான்தான். மூஞ்சில அரிசி மாவு பூசியிருந்தேன். தப்பு பண்ணிட்டேன்."

குழந்தை ஓரடி முன்னால் வந்தது. "அப்ப வாய்க்கால்ல பேயே இல்லையா?"

"இல்ல. தண்ணிதான் இருக்கு. நெறையத் தண்ணி. அக்கா உயரத்துக்கு இருக்கும்."

"உன் உயரமா?" என்று கேட்டு, அண்ணாந்து பார்த்தது. அவள் எழுந்து நின்று காட்டினாள். குழந்தை தன் தலையில் கைவைத்து, அங்கிருந்து அவள் தலைவரை அளப்பது போல் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. அதன் முகத்தில் அப்போது பயம் இருந்தது. ஆனால் அது ஓடவில்லை.

அந்த வருடம் எங்கள் வாய்க்காலில் யாரும் போகவில்லை. நாடகத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன். தலைமையாசிரியை பஞ்சாயத்தில் பேசிப் படித்துறைக்குக் கம்பித் தடுப்பு போட வைத்தார், அதுவும் இருக்கலாம். கண்ணாடிக்காரி இப்போது தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள். உயரமானவள் நர்ஸிங் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் பேருந்தில் பார்த்தபோது, குழந்தைகள் வார்டில் பயிற்சி என்றாள். ஊசி போடப் போகும்போது, வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாளாம். குழந்தை முன்னாலேயே அழ ஆரம்பித்துவிடுகிறது என்று மற்ற நர்ஸ்கள் திட்டுகிறார்களாம்.

"நீங்க என்ன மிஸ் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது.