புளி போட்டுத் தேய்த்த துட்டு

நான் நல்லவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த பிறகு யாரும் என்னைத் தூக்கி வைத்துப் பேச வேண்டாம்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் புடவைக்குத் தரம் போடுவது என் வேலை. தறிக்காரர்கள் நெய்து கொண்டுவரும் புடவையை மேஜைமேல் விரித்து, லென்ஸ் வைத்து இழை எண்ணி, சீட்டில் ‘முதல் தரம்’ அல்லது ‘இரண்டாம் தரம்’ என்று எழுத வேண்டும். முதல் தரம் எழுத எனக்குக் கை வராது. ஒரு இழை விட்டிருந்தால் போதும், இரண்டாம் தரம்தான். இழையே விடாத புடவை என்றால் சாயம் சரியில்லை என்பேன். எதிரே நிற்பவர் முகம் சுண்டிப்போவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. தறிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இரண்டு புடவை கொண்டுவந்தால் சுமாரானதைத்தான் மேலே வைப்பார்கள். அதற்கு நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் நல்லதைப் பிரிப்பார்கள்.

சாயங்காலமானால் அதே லென்ஸ் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். பழைய செம்புத் துட்டு சேர்ப்பது என் கிறுக்கு. கம்பெனிக்காரன் காலத்துத் துட்டு. ஒரு பக்கம் கேடயத்தைத் தாங்கும் இரண்டு சிங்கம், மறுபக்கம் பாரசீக எழுத்து. பாத்திரக்கடையில் உருக்குவதற்காகச் சாக்கில் கிடக்கும். எடை போட்டு வாங்கிவருவேன். சும்மா பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் துட்டு அடிக்கும் அச்சைக் கையால் வெட்டியிருக்கிறார்கள். ஓர் அச்சு தேய்ந்து உடைந்தால் வேறொன்று வெட்டுவார்கள், இரண்டும் ஒரே மாதிரி அமையாது. ஒன்றில் சிங்கத்தின் வால் கேடயத்தைத் தொடும், இன்னொன்றில் தொடாது. ஒன்றில் எழுத்தின்மேல் இரண்டு புள்ளி, இன்னொன்றில் மூன்று. அச்சில் விரிசல் விழுந்திருந்தால் துட்டின்மேல் அது மயிரிழை மேடாக ஓடும். இப்படி நாற்பத்தோரு அச்சு பிரித்து, நோட்டில் படம் போட்டு வைத்திருந்தேன். மெட்ராஸில் காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். அங்கே அந்த நோட்டைக் காட்டிப் பெரிய ஆளாகிவிட வேண்டும் என்று ஆசை.

துட்டுக்கும் நான் புடவைத் தரம்தான் வைத்திருந்தேன். ஒரே ஒரு சட்டம்: புளி போட்டுத் தேய்த்த துட்டு எவ்வளவு பளபளத்தாலும் இரண்டாம் தரம். நூறு வருஷமாக ஏறிய பழுப்புத்தான் செம்புக்குத் தோல். நம்மூரில் செம்பைக் கண்டால் சும்மா விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சொம்பு விளக்கும்போதே துட்டையும் சேர்த்துப் புளியும் செங்கல் தூளும் போட்டு உரித்துவிடுவார்கள். சாக்கில் வந்த துட்டில் முக்கால்வாசி அப்படிச் செத்ததுதான்.

ஐயம்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் சங்கத்துக்கு வருவார். என்னைவிட மூத்தவர். ஆனாலும் நான் ‘நீ’ என்றுதான் பேசுவேன். அவர் புடவையில் குறை கண்டுபிடிக்க நான் படாத பாடு படுவேன். அப்படியும் எட்டு வருஷத்தில் அவருக்கு ஒருமுறைகூட முதல் தரம் எழுதியதில்லை. அவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு ஐப்பசி மழையில் அவர் வீட்டுச் சுவர் விழுந்தது. விட்டத்துச் சந்தில், மெழுகுத் துணியில் சுற்றிச் சொருகிய துட்டு கிடைத்திருக்கிறது. என் கிறுக்கு ஊருக்கே தெரியுமே, மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இது இன்னா தரம்னு பாத்துச் சொல்லுங்க சார். நல்லதா இருந்தா மெட்ராஸ் கூட்டத்துல என் பேர்ல வெக்கலாமா? பேர் மட்டும் போட்டா போதும். இத்தினி வருஷமா நெய்துக்கினு இருக்கேன், எந்தப் புடவையிலயும் என் பேர் இல்லியே.”

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பழுப்பு குலையவில்லை. எழுத்தின் இடுக்குகளில், அடித்த அன்றிருந்த சிவப்பு அப்படியே இருந்தது. இரண்டாவது வரியில் இருக்கக் கூடாத ஒரு புள்ளி. அதிலிருந்து விளிம்புவரை ஒரு மயிரிழை மேடு. என் நோட்டில் இல்லாத அச்சு, நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத அச்சு. பத்து வருஷமாகச் சாக்கைக் கிளறிய எனக்குக் கிடைக்காதது இவர் வீட்டு விட்டத்தில் தூங்கியிருக்கிறது. வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பேர் வைக்க மாட்டேன்.

“சாதாரணத் துட்டுபா. அழுக்கு வேற. ரெண்டாந்தரம். இங்கயே போட்டுட்டுப் போ, என் டப்பால கெடக்கட்டும்.”

“வேணாம் சார். அழுக்குதானே? வூட்ல புளி போட்டுத் தேய்க்கச் சொல்றேன். சாமி மாடத்துல இருந்துட்டுப் போவுது.”

தேய்க்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் என் பொய் வெளியே வந்துவிடும். “உன் இஷ்டம்” என்றேன். அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் ஐயம்பேட்டைக்கு நான் பஸ் ஏறவில்லை.

அடுத்த வாரம் வந்தார். துட்டு புதுச் சொம்பு மாதிரி மின்னியது. புள்ளி மழுங்கி, அந்த மேடும் கீறலோடு கீறலாகப் போயிருந்தது.

“இப்பப் பாருங்க சார். முதல் தரம் ஆயிடுச்சா?”

வந்த ஆத்திரத்தில் என் வாய் நிற்கவில்லை. “அறிவிருக்காய்யா உனக்கு? எந்த புஸ்தகத்துலயும் இல்லாத அச்சுய்யா இது. முதல் தரத்துக்கெல்லாம் முதல் தரம். தேய்ச்சுக் கொன்னுட்டு வந்து இளிக்கிறியே.”

சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அன்னிக்கு ரெண்டாந்தரம்னீங்களே சார்.”

புடவைக் கட்டைப் பிரிப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் துட்டை மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார். பியூன் டீ கொண்டுவந்து வைத்தான், குடித்தேன்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கே வந்தார். அதே மெழுகுத் துணியை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே இன்னொரு துட்டு.

“ரெண்டு இருந்துச்சு சார். சுமாரானத முதல்ல காட்டினேன். எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?”

லென்ஸை எடுத்தேன். அதே அச்சு. அதே புள்ளி, அதே மேடு. போனதைவிட நல்ல துட்டு, பாதிக்குமேல் சிவப்பு போகவே இல்லை.

“இது இன்னா தரம்?”

“முதல் தரம்” என்றேன். “உன் பேர்லயே மெட்ராஸ்ல வெக்கலாம்யா. நானே எழுதித் தரேன், சத்தியமா.” அந்த நிமிஷம் மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன்.

“இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

“முதல் தரம்.”

கேட்டுக்கொண்டு துட்டைத் திரும்ப வாங்கினார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். புளி, செங்கல் தூள். என் மேஜைமேல் வைத்து, என் கண்ணெதிரே, நிதானமாகத் தேய்க்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். காலமெல்லாம் தறியில் உழைத்த கை, என்னால் அசைக்க முடியவில்லை. வேணாம்யா, வேணாம்யா என்று கெஞ்சினேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஆனால் கை நிற்கவில்லை. இரண்டு பக்கமும் தேய்த்து, துண்டால் துடைத்து, நான் துட்டுப் போட்டுவைக்கும் காகித உறையின்மேல் வைத்தார்.

“எழுதுங்க சார்.”

உறைமேல் ‘இரண்டாம் தரம்’ என்று எழுதினேன். புடவைச் சீட்டைப் பார்ப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு, துட்டை அங்கேயே விட்டுப் போனார். எட்டு வருஷத்தில் அவர் கொண்டுவந்து காட்டியதற்கு நான் சரியான தரம் எழுதியது அந்த ஒரு முறைதான்.