அப்டேட் நின்றுபோன மாலைகள்

நிம்றாவுக்கு லொறி ஓட்டத் தெரியும் என்று யாராவது சொன்னால் பார்மசியில் கூட வேலை செய்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடப்பதற்கே ஒரு துணை தேடுகிறவள் அவள். மஞ்சள் கோட்டில் கால் வைத்த பிறகும், தூரத்தில் ஒரு பஸ் தெரிந்தால் பின்வாங்கிவிடுவாள். ஆனால் வீட்டுக்குப் போய்க் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், பதினாறு சக்கர லொறியை ஜெர்மனியின் மலைப் பாதைகளில் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

அந்த ஆசை அவளுக்குப் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையிலேயே தொற்றிக்கொண்டது. வாப்பா கொச்சிக்கடையில் ஒரு பண்டகசாலையில் சரக்குச் சரிபார்க்கிற வேலையில் இருந்தார். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கொள்கலன் லொறிகள் வீட்டுத் தெருமுனை வரைக்கும் வரிசை கட்டும். சின்ன வயதில் மாடியில் நின்று, எந்தச் சாரதி ஒரே தடவையில் வண்டியைத் திருப்புகிறான் என்று பார்ப்பதுதான் அவளுடைய விளையாட்டு. பெண்பிள்ளை லொறி ஓட்டுவதைப் பற்றி அந்த வீட்டில் பேசவே இடமில்லை. அவளும் பேசவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அது கைக்கு வந்தது. மாப்பிள்ளை சப்ரி ஏசி மெக்கானிக். நல்ல குணம், கலகலப்பான ஆள். ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் அந்த லொறிக் கதையைச் சொல்ல, அவன் சிரிக்கவில்லை. பாவித்த கொம்பியூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, லொறி ஓட்டுகிற கேம் ஒன்றை வாங்கிப் போட்டுக் கொடுத்தான். இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு, ஒரே லொறிக் கம்பனி. அவள் ஓட்டுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த சந்தியில வலப்பக்கம்" என்று வழி சொல்லுவான்.

பிறகு சப்ரி கட்டாருக்குப் போனான். அவனுடைய உம்மா உம்மு குல்தூம் நிம்றாவோடு இருந்துகொண்டார். மாமிக்கும் மருமகளுக்கும் பெரிய சண்டையும் இல்லை, பெரிய ஒட்டுதலும் இல்லை. "குமர்ப் புள்ள மாதிரி கேம் வெளாடிட்டு ஈக்கிறாள்" என்று மாமி சில நேரம் முணுமுணுப்பார். நிம்றா காதில் வாங்கமாட்டாள். தனிமைக்கு அவளிடம் இருந்த மருந்து அது ஒன்றுதான்.

அந்த மருந்துக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. கேமுக்குப் புதிதாகப் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. அதை இறக்காமல் லொறியில் ஏறவே முடியாது. நிம்றா பின்னேரம் வேலையால் வந்து இறக்கத் தொடங்குவாள். பாதிக்குமேல் நன்றாகத்தான் போகும். மஃரிபு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் நின்றிருக்கும். 'தொடர்பு துண்டிக்கப்பட்டது, மீண்டும் உள்நுழையவும்' என்று திரையில் இருக்கும். மறுபடி உள்ளே போவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வெளியே தள்ளிவிடும். மின்னல் காலம் என்பதால் இரவில் கொம்பியூட்டரைப் போட்டு வைக்க மாமி விடமாட்டார். அடுத்த நாள் திரும்பவும் அடியிலிருந்து.

விட்டுவிட நிம்றாவுக்கு மனம் வரவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டாள். வைஃபைதான் பலவீனமோ என்று நீளமான வயர் வாங்கி ஹோல் நடுவால் இழுத்தாள். மாமி அதில் தடக்கி விழப் பார்த்தார். டிஸ்கில் இடம் போதவில்லையோ என்று கல்யாண வீடியோவைப் பென்டிரைவுக்கு மாற்றினாள். பாதியில் நின்ற கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினாள். வைரஸ் தடுப்பு மறிக்கிறதோ என்று அதையும் நிறுத்திப் பார்த்தாள். இணையக் கம்பனிக்குப் போன் அடித்தாள். லைனில் ஒரு பிழையும் இல்லை என்று அங்கே பேசிய பெண் சிங்களத்தில் மிகப் பணிவாகச் சொன்னாள். படமும் பாட்டும் தடங்கலில்லாமல் ஓடின. கேம் மட்டும் மாலையானால் நின்றது.

கடைசியில் கீழ்த்தளத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற முர்ஷித் நானாவைக் கூப்பிட்டாள். அவர் மேலே வந்து, மாமி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிஸ்கைச் சோதித்தார், பழுதில்லை. தன்னுடைய போன் இணைப்பைக் கொடுத்துப் பார்த்தார். அதிலும் கொஞ்ச நேரம் ஓடி, அதே மாதிரி நின்றது.

"தங்கச்சி, இது லைன்ட பிழை இல்ல," என்றார். "லைன் மாத்தியும் நிக்கிதே. இந்தக் கணக்க வேற ஆரும் பாவிக்கிறாங்களா?"

"இல்லயே நானா, அவர் கட்டார் போனதுக்குப் பொறகு நான் மட்டும்தான். ஏன்?"

"இந்தக் கம்பனிட சட்டம் அப்படி. ஒரு கணக்கு, ஒரு மெசின். இன்னொரு இடத்தில உள்ள போனா இங்க தூக்கி வெளிய போட்டுடும். அப்டேட் எழுதிட்டு ஈக்கிற நேரம் அறுந்தா, அந்தத் துண்டு பழுதாகித் திரும்ப முதல்ல இருந்து தொடங்கும்."

அவர் கணக்கின் பக்கத்தைத் திறந்து, உள்நுழைந்த இயந்திரங்கள் என்ற இடத்தை அழுத்தினார். இரண்டு வரிகள் வந்தன. முதலாவது இந்தக் கொம்பியூட்டர். இரண்டாவது, அவளுக்குத் தெரியாத ஒன்று. பக்கத்தில் வத்தளை, இலங்கை என்று இருந்தது. இப்போது இணைப்பில் உள்ளது என்பதற்குப் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

நிம்றாவுக்குத் தன் வீட்டு அறைக்குள் யாரோ முகம் தெரியாதவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது போல இருந்தது.

"வத்தளையில எனக்கு ஆரையும் தெரியாதே!"

"களவா புகுந்திருப்பாங்க. பாஸ்வேர்டை மாத்துங்க, சரியாப் போகும்," என்றார் முர்ஷித். "ஊர்ப் பேர் சில நேரம் முன்ன பின்ன காட்டும். ஆனா நாடு பிழைக்காது."

அவர் போனதும், பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்னால் சப்ரியிடம் ஒரு சொல் சொல்லிவிடலாம் என்று அவள் போன் அடித்தாள். கொஞ்ச மாதங்களாக அவன் வீடியோவில் வருவதில்லை. தங்குமிடத்தில் வைஃபை மோசம் என்பான். குரல் மட்டும்தான். மாமியும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"எங்கட கேம் கணக்குக்குள்ள ஒரு கள்ளன் புகுந்திட்டான்," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். "வத்தளையில ஈக்கிறானாம். பாஸ்வேர்டை மாத்தப் போற."

அவன் குரல் அவசரமாக வந்தது.

"மாத்தாத, நிம்றா. அது... அது சும்மா பிழையாக் காட்டுற. நான் பாத்துக்கிற. நீ இந்த நேரத்துக்கு வேலையிலதானே ஈப்பாய்?"

"போன மாசமே காலை முறைக்கு மாத்திட்டாங்க. செல்ல மறந்திட்டன். ஏன் கேக்கிற?"

அவன் பதில் சொல்வதற்கு முன்னால் பாண் ஆட்டோவின் பாட்டு கேட்டது. மாலையானால் பாணும் பணிசும் விற்றபடி ஒழுங்கைக்கு ஒழுங்கை சுற்றி வருகிற அதே கிணுகிணு மெட்டு. மாமி சட்டென்று எழும்பினார்.

"பாண்காரன் வந்திட்டான். மாலுபாண் ரெண்டு எடுப்பமா?" என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனார். கீழே எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "எங்க? ஒழுங்கையில ஒருத்தரையும் காணல்லயே..."

நிம்றா அசையாமல் இருந்தாள். அந்தப் பாட்டு ஒழுங்கையிலிருந்து வரவில்லை. மேசையிலிருந்த போனுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. கிட்ட வந்து, நின்று, ஒரு பெண் குரல் சிங்களத்தில் 'மல்லி' என்று பாண்காரனைக் கூப்பிட்டுப் பாண் கேட்பது வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

கட்டாரில் பாண் ஆட்டோ ஓடுமா?

மாமி திரும்பி வந்து, போனைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சப்ரி," என்றார் மெதுவாக. "மகன். நீ எங்க ஈக்கிற?"

இணைப்பு அறுந்தது.

அதற்குப் பிறகு அடித்த ஓர் அழைப்புக்கும் பதிலில்லை. மாமி சோபாவில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். நிம்றாவுக்கு அழுகைகூட வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது. மூன்று வருடமாகத் தூரத்தில் இருக்கிறான் என்று நினைத்த மனிதன், ஒரு பஸ் மாறினால் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருக்கிறான். எவ்வளவு நாளாக? யாரோடு? அந்த இரண்டாவது கேள்வி வந்ததும் அவள் எழும்பிக் குசினிக்குப் போய், காரணமில்லாமல் கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவினாள்.

விடிந்ததும் ஒரு செய்தி வந்திருந்தது. 'வத்தளை ஹெந்தளையில ஈக்கிற. அலவிட வீட்டு மேல்மாடி. மன்னிச்சிக்க.' அலவி, கட்டாரில் சப்ரியோடு ஒரே அறையில் இருந்தவன். போன வருடமே ஊருக்கு வந்துவிட்டான்.

நிம்றா பார்மசிக்கு லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். கூட வருகிறேன் என்று மாமி எழும்பினார். கதவு வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுகொண்டார். "அங்க ஒரு பொம்புள ஈந்தா, ஒண்டும் பேசாம வந்திடு மகள்," என்றார். மாமி அவளை மகள் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோட்டையில் பஸ் மாறியதும், பாலம் கடந்ததும் நிம்றாவுக்கு நினைவில்லை. அந்த இன்னொரு பெண் எப்படி இருப்பாள், எந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள் என்பது மட்டுமே கண்ணுக்குள் ஓடியது.

அலவியின் மனைவி மாடிப்படியைக் காட்டினாள். மேலே ஒரே அறை. பெண் யாரும் இல்லை. ஒரு பாய், கொடியில் ஈரம் காயாத வேலைச் சட்டை, மீன் வாடை, மூலையில் அலவியின் பழைய கொம்பியூட்டர். அதன் முன்னால் கதிரையில் சப்ரி. எழும்பி நின்றவனைப் பார்த்து அவள் இரண்டாவது முறை அதிர்ந்துபோனாள். தாடி நரைத்து, கன்னம் ஒட்டி, தன் தகப்பனைப் போல நின்றான்.

"எப்ப வந்த?" என்று மட்டும் கேட்டாள்.

"நோன்புப் பெருநாளைக்கு முதல்," என்றான்.

அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து வருகிற ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டிருந்தது. அந்தப் பெருநாளுக்கு அவள் அவனுக்குப் போனில் வாழ்த்துச் சொல்லி, அங்கே வெயில் எப்படி என்று கேட்டிருந்தாள். சரியான வெயில் என்று அவனும் சொல்லியிருந்தான்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கம்பனி மூடிவிட்டது. ஆட்களை ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் இறங்கினபோது, ஒரு கிழமைக்குள் வேறு விசா எடுத்துவிடலாம், வீட்டுக்குத் தெரியாமலே திரும்பிவிடலாம் என்று நினைத்தான். ஒரு கிழமை நீண்டது. மீன் குளிரறை ஒன்றில் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்திலிருந்துதான் மாதாமாதம் காசு அனுப்பினான். நாள் போகப் போக, வந்து சொல்வது இன்னும் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

"வந்த அண்டைக்கே செல்லி ஈந்தா ஒரு நாள் அழுதிருப்பன். அவ்வளவுதான்," என்றாள் நிம்றா. அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கேம் வெளாட மட்டும் மனசு வந்திச்சா?"

"வெளாட இல்ல. நீ கடைசியா எந்த ஊரில லொறிய நிப்பாட்டின எண்டு பாக்க. அது மட்டும்தான் உன்ட கையால செஞ்சதாப் பாக்கக் கிடைச்சிச்சி. நீ வேலையில ஈக்கிற நேரம் எண்டு நெனச்சன். இடைக்கிடை வெளிய தள்ளினதும் லைன் பிழையால எண்டுதான் நெனச்சன்." பிறகு இன்னொன்றும் சொன்னான். "ஒரு நாள் பார்மசிக்கு முன்னால, பாதைக்கு அந்தப் பக்கம் வந்து நிண்டன். நீ வெளிய வந்து பாதை கடக்க நிண்டாய். நிறைய நேரம் நிண்டாய். நான் வந்து கையப் புடிக்கல்ல."

அதுவரை அடைத்திருந்த காது அப்போதுதான் திறந்தது போல இருந்தது. நிம்றா படியிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடாமல் அழுதாள். வேலை போனதற்கு அவள் அழவில்லை. பொய்க்கும் அவ்வளவு இல்லை. தான் தனியாக அந்தப் பாதையோரத்தில் நின்றதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"உம்மாக்கு நான் ஒண்டும் செல்ல மாட்டன்," என்றாள் கடைசியில். "நீங்களே வந்து செல்லுங்க. இண்டைக்கே."

அவன் வந்தான். மாமி அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. சோறு போட்டுக் கொடுத்து, அவன் தின்று முடியும்வரை எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், கன நாள் அவனோடு பேசவில்லை. சொந்தக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தபோது ஆளுக்கொரு கதை கட்டினார்கள். இரண்டாம் கல்யாணம் என்றார்கள், கட்டாரில் ஏதோ வழக்கு என்றார்கள். வேலை போய்விட்டது, வெட்கத்தில் ஒளிந்திருந்தான் என்ற உண்மையை யாருமே நம்பத் தயாராயில்லை.

நிம்றா அவனை மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், அவளுக்கே தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். சில நாள் சிரிப்பும் வருகிறது. சில நாள் காரணமில்லாமல் அவளுடைய பேச்சு நின்றுவிடும். அவன் ஏன் என்று கேட்கமாட்டான். அந்தக் குளிரறை வேலையை அவன் விடவில்லை. விடியற்காலையில் போய் மாலை திரும்புகிறான். வழியில் ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் போன் அடிப்பான். ஹலோ சொல்வதற்கு முன்னால், "ஆமர் வீதிச் சந்தியில நிக்கிற, நல்ல நெரிசல்," என்பான். அப்படிச் சொல்லும்படி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.