முதலில் பச்சை முனை

சூளகிரியில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாகத் துளை சோதிப்பது முனிவேலின் வேலை. கையில் விரல் நீளத்துக்கு ஒரு கேஜ். அதன் பச்சை முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சிவப்பு முனை போகவே கூடாது. முதலில் பச்சை, பிறகு சிவப்பு. மேசைக்கு மேலே படம் போட்டே ஒட்டியிருக்கிறார்கள்.

மனசுக்குள் மட்டும் அவன் எப்போதும் சிவப்பிலேயே தொடங்குவான். மகள் யுவஸ்ரீயின் பள்ளி வேன் ஐந்து நிமிடம் தாமதித்தால் போதும், குருபரப்பள்ளிப் பக்கம் லாரி மோதிவிட்டது என்பதுவரை ஓடிவிடுவான். போன வருடம் தரம் சோதிக்க வந்த ஆடிட்டர் தன் மேசையை நெருங்குவதைப் பார்த்ததும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். முக்கால் மணி நேரம். கைக்கு வந்த லைன் லீடர் வேலை வேறொருவருக்குப் போனது.

இன்று மறுபடியும் ஆடிட். லைன் லீடர் இடமும் மறுபடி காலி. இந்த முறையும் ஒளிந்தால் அந்த வேலையை மறந்துவிடு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

காலையில் மனைவி மாரம்மா மந்திரித்த கயிறு ஒன்றை நீட்டினாள். "கட்டிக்கிட்டுத்தான் போங்களேன், கை தேஞ்சா போயிடும்?"

"எனக்குத்தான் சாமி நம்பிக்கை இல்லன்னு தெரியுமே."

"அப்ப எதை நம்பித்தான் போறீங்க?"

முனிவேல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கை ஜெபதுரை காதருகே வந்தான். "அண்ணா, உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டே வர்றேன்."

"பண்ணுப்பா. அப்படியே அந்த பாத்ரூமையும் பூட்டி வெக்கச் சொல்லு."

மேசையில் உட்கார்ந்தபோது மாரம்மாவின் கேள்வி இன்னும் கூடவே இருந்தது. தலைக்கு மேலே அந்தப் படம். தினம் பார்க்கிற படம்தான். முதலில் பச்சை. சரி, இன்றைக்கு எது ஒழுங்காகப் போகும்? யோசித்தான். கைக்கு வேலை தெரியும். கன்னடம் கொஞ்சம் வரும். மத்தியானம் கேன்டீனில் முட்டைக் குழம்பு. பயம் போய்விடவில்லை; ஆனால் வரிசையில் இரண்டாவதாகப் போய் நின்றது.

பதினொரு மணிக்கு பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மா எதிரே நின்றார். முனிவேல் கேஜை எடுத்தான். எடுத்த வேகத்தில் சிவப்பு முனையைத் துளையில் வைத்துவிட்டான்!

சூப்பர்வைசரின் முகம் செத்துப்போனது. முனிவேலின் கண் பாத்ரூம் கதவுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

"தப்பு மேடம். பயத்துல திருப்பிப் புடிச்சிட்டேன். முதல்ல இந்தப் பக்கம்."

"பயா யாக்கே?" எதற்குப் பயம் என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார் அந்த அம்மா. அதற்குள் பச்சை முனை உள்ளே போயிருந்தது. அடுத்தடுத்து இருபது துளைகள், ஒன்றும் தவறவில்லை.

"திங்கக்கிழமைல இருந்து லைன் உன்னோடதுய்யா" என்றார் சூப்பர்வைசர்.

"பாத்தீங்களாண்ணா, என் ஜெபம்!" என்று குதித்தான் ஜெபதுரை.

"திருப்பிப் புடிச்சதும் உன் ஜெபத்துலதானா?"

சாயங்காலம் மாரம்மா வாசலிலேயே நின்றாள். "வேனை இன்னும் காணோமே."

மனசு பழக்கப்படி லாரியைத் தேடிப் புறப்பட்டது. முனிவேல் அதைப் பிடித்து இழுத்து நிறுத்தினான்.

"டிராபிக்ல நிக்கும். வந்துரும்" என்றான். ஐந்து நிமிடம் கழித்து, இன்னொரு தடவையும் சொன்னான்.

இரண்டாவது தடவை சொல்லி முடிப்பதற்குள் வேனின் ஹாரன் கேட்டது.