நாகையாவின் எடைக்கல்

"நூத்தி எழுபத்திரெண்டு ராத்தல். செருப்பக் கழட்டினா எழுபத்தொண்ணு."

நாகையா என்னை முதன்முதலாகப் பார்த்தபோது வணக்கம் சொல்லவில்லை, இதைத்தான் சொன்னார். ஆளைத் தலைமுதல் கால்வரை ஒருதரம் பார்ப்பார், எடையைச் சொல்வார். பெயர், ஊர், உத்தியோகம் எல்லாம் அப்புறம்தான். கிள்ளான் ஆற்றங்கரையில் அவருடைய தகரக் கொட்டகையை ஒட்டிச் சீன முதலாளி லிம் தவுக்கேயின் ரப்பர் கிடங்கு இருக்கிறது. அங்கே ரப்பர் ஷீட் நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று உண்டு. சந்தேகப்பட்டு அதில் ஏறினேன். நூற்று எழுபத்திரண்டு. செருப்பைக் கழற்றிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மீன்பிடி லாஞ்சுகளின் எஞ்சினைப் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. ஆனால் உயிரை வைத்திருப்பது தவுக்கேயின் பந்தயப் படகின்மேல். பதின்மூன்று அடி நீளம், அப்பளம் மாதிரி மெல்லிய பலகை, பின்பலகையில் கவ்விக்கொண்டு நிற்கும் எஞ்சின். அந்த எஞ்சினைச் செய்து அனுப்பிய வெள்ளைக்காரன் இப்போது வந்து பார்த்தால் இது என்னுடையது இல்லை என்று சத்தியம் செய்வான். புகைக்குழாயைப் பாதியாக அறுத்தாகிவிட்டது. உள்ளே காற்று போகிற வழியெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடியாக்கியாகிவிட்டது. தண்ணீரைத் தள்ளும் விசிறியின் இதழ்களை மரச்சுத்தியால் தட்டி முறுக்கி, ஓரத்தைக் காய் நறுக்கலாம் போல அரத்தால் ராவி வைத்திருக்கிறார். பெட்ரோலில் விளக்கெண்ணெய் கலப்பார். இரண்டும் லேசில் சேராது. டின்னைக் குலுக்கிக் குலுக்கியே அவருக்கு வலது தோள் இடது தோளைவிடப் பெரிதாகிவிட்டது.

"புள்ளைங்களுக்குக் குடுக்கற எண்ணெய எஞ்சினுக்கு ஊத்தறாருங்க. அதுக்கென்ன மலச்சிக்கலா?" என்று அவர் மனைவி வீரம்மா என்னிடம் முறையிட்டார். இன்னொரு முறையீடும் உண்டு. படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பலகையை வழவழப்பாக்கும்போது நாகையா ஒரு பட்டுத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடித் தடவிக்கொண்டே போவார். எந்த இடத்தில் நூல் மாட்டுகிறதோ அங்கே சாக்குக்கட்டியால் ஒரு கோடு. அந்தப் பட்டு வீரம்மாவின் கூறைப்புடவையில் கிழித்தது. "கட்டிக்கிட்டு வந்தப்பகூட இந்த மனுசன் இப்படித் தடவிப் பாக்கல" என்பார். நாகையா கண்ணைத் திறக்கமாட்டார். காது மட்டும் சிவக்கும்.

இவ்வளவு செய்தாலும் படகு ஓடுவது கடைசியில் எடையால்தான் என்பது நாகையாவின் சித்தாந்தம். எஞ்சின் நிற்கும் சாய்வை மாற்ற அதன் கவ்வியில் ஐந்து துளைகள், ஒரு கம்பி. முன்னால் உட்காருகிறவருக்குத் தக்கபடி கம்பியைச் சரியான துளையில் செருகினால் படகு மூக்கை அளவாகத் தூக்கிக்கொண்டு தண்ணீரின் தோலை மட்டும் தொட்டுப் பறக்கும். ஆள் கனத்தால் மூக்கு தண்ணீரை உழும். ஆள் இளைத்தால் மூக்கு மேலே எழும்பித் தவளை போலக் குதிக்கும். பந்தயத்தன்று முன்னால் மண்டியிட்டுச் சக்கரம் பிடிப்பவர் லிம் தவுக்கே, பின்னால் எஞ்சினோடு இருப்பவர் நாகையா. ஆனால் தவுக்கேக்குக் கிடங்கை விட்டு வர ஏது நேரம்? பரீட்சை ஓட்டத்துக்கெல்லாம் அவருக்குப் பதிலாக வேறொருவர் வேண்டும். தவுக்கே ஒல்லி மனிதர். நூற்று இருபத்தெட்டு ராத்தல். ஒரு நாள் வேடிக்கையாகத் தராசில் ஏறிய வீரம்மாவும் நூற்று இருபத்தெட்டு.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீரம்மா படகில் ஏறினார். மகளைச் செமினியில் கட்டிக்கொடுத்தாயிற்று. கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை. அக்கம்பக்கத்தில் கேட்க ஆளிருந்தது. "பொம்பள படகுல பறக்கறதாவது" என்று காய்கறிப் பாசாரில் முணுமுணுத்தார்கள். வீரம்மா முந்தானையை இழுத்துச் செருகி, மண்டியிட்டு, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கப் போய்விட்டு வருவார். "அதுல போறப்ப அரிசி, வெறகு ஒண்ணும் ஞாபகத்துக்கு வராதுங்க. மனசு கழுவிவிட்ட மாதிரி இருக்கும்" என்று என்னிடம் சொன்னார். நாகையா அவரை எல்லோருக்கும் எதிரிலேயே 'என் எடைக்கல்லு' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

என் தங்கை கிள்ளானில் இருக்கிறாள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி அவள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவன், சாப்பாட்டுக்கு முன் பசி எடுக்க இந்தக் கரையில் வந்து நிற்பேன். தண்ணீர் என்றால் எனக்குப் பயம். ஒரு நாள் நானும் ஏறட்டுமா என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தேன். "வேணாங்கய்யா. மூக்கு உள்ள போயிரும், அப்புறம் நம்ம எல்லாத்தையும் மீன் திங்கும்" என்றார் நாகையா. மனத்துக்குள் அவருக்கு நன்றி சொன்னேன்.

போர்ட் சுவெட்டன்ஹாமில் பந்தயத்துக்கு ஆறு வாரம் இருந்தபோது படகு குதிக்க ஆரம்பித்தது. மூன்றாம் துளையில் இருந்த கம்பியை நாகையா இரண்டாம் துளைக்கு மாற்றினார். மூக்கு அடங்கியது, வேகமும் கூடவே அடங்கியது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் குதித்தது. தவுக்கே வெற்றிலைப் பெட்டியும் கையுமாகக் கரைக்கு வந்து, "இனி பெராவு சாக்கிட் கா?" என்று கேட்டார். இந்தப் படகுக்கு உடம்பு சரியில்லையா என்று அர்த்தம்.

"சாக்கிட்தான் தவுக்கே. கண்டுபுடிச்சிருவேன் லா" என்றார் நாகையா.

பின்பலகை தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிட்டதோ என்று படகை நான்கு பேர் வைத்துத் தூக்கித் தராசில் ஏற்றினார். சரியாக இருந்தது. எஞ்சினைக் கழற்றி நிறுத்தார். பெட்ரோல் டின்னை நிறைத்து ஒருதரம், காலியாக ஒருதரம் நிறுத்தார். சக்கரத்தை, கயிற்றை, நங்கூரத்தை, கடைசியில் தன்னையும் நிறுத்துக்கொண்டார். எல்லாம் பழைய கணக்குப்படியே இருந்தன. விசிறியை மாற்றினார், மறுபடி பழையதையே போட்டார். சாப்பிடும்போதுகூடக் கையால் சோற்றில் படகின் மூக்கை வரைகிறார் என்று வீரம்மா சொன்னார். சொல்லும்போது அவர் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் களைத்திருந்ததாக எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு. பின்பலகையில் அரை அங்குலம் சீவி, கம்பியைத் துணிந்து மூன்றாம் துளைக்கே கொண்டுபோய், எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார் நாகையா. வீரம்மா வந்து ஏறினார். முந்தானையை வழக்கத்தைவிடக் கெட்டியாக இடுப்பில் சுற்றியிருந்தார். பெண்கள் உடுத்துகிற விஷயம் எனக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். கயிற்றை ஒரு இழுப்பு, எஞ்சின் அலறியது. படகு ஆற்றின் வளைவுவரை போய்த் திரும்பி வந்தது பாருங்கள், கோடு போட்ட மாதிரி! குதிப்பு இல்லை, உழவு இல்லை. கரையில் நின்ற நானே கை தட்டிவிட்டேன்.

"பாத்தீங்களா! அரை அங்குலம்! எல்லாம் அந்த அரை அங்குலம்!" என்று நாகையா கத்திக்கொண்டே படகைக் கட்டினார்.

வீரம்மா கரைப்பலகையில் கால் வைத்தார். இடுப்பு முடிச்சு அவிழ்ந்தது. கருங்கல் ஒன்று பலகையில் விழுந்தது. அடுத்து இன்னொன்று. ரயில் தண்டவாளத்துக்கு நடுவே கொட்டுவார்களே, அந்தக் கல். ஏழெட்டுக் கல் உருண்டு, ஒன்று ஆற்றில் விழுந்தது.

"என்னா இது?"

"கல்லுங்க."

"கல்லுன்னு தெரியுது. மடியில எதுக்கு?"

"நீங்க போட்டு மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்தீங்க. படகுல ஒரு கோளாறும் இல்லீங்க. என் ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. நாந்தான் கொறஞ்சுட்டேன்."

"எத்தன நாளா?"

"பொங்கல் கழிச்சு. சோறு எறங்கல, நடந்தா மயக்கமா வருது. பந்தயம் முடியட்டும்னு இருந்தேன். ஆஸ்பத்திரின்னா நீங்க படகத் தொடமாட்டீங்க."

நாகையா அவர் கையைப் பிடித்துக் கிடங்குக்கு அழைத்துப் போய்த் தராசில் நிறுத்தினார். நூற்றுப் பதினாறு. பன்னிரண்டு ராத்தல் போய்விட்டது. கரையில் கிடந்த கற்களைப் பொறுக்கி நான் பிறகு நிறுத்துப் பார்த்தேன். ஆற்றில் விழுந்த ஒன்று நீங்கலாகப் பத்தரை. கண்ணால் எடை பார்க்கும் வித்தை அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் உரியதில்லை.

"எல்லாத்தையும் நிறுத்தேன் ஐயா" என்றார் நாகையா என்னிடம். "நங்கூரத்தக்கூட நிறுத்தேன். இவள மட்டும் நிறுக்கல. எடைக்கல்ல யாராச்சும் நிறுத்துப் பாப்பாங்களா?" சொல்லிவிட்டு ரப்பர் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். ஊராரின் எடையெல்லாம் பார்த்தவுடன் சொல்லுகிற மனிதர். தினமும் பார்க்கிற முகம் கரைந்துகொண்டே வந்தது தெரியவில்லை. அவரை நான் எப்படிக் குறை சொல்ல? நானும்தான் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் கனகசபை யாழ்ப்பாணத்து மனிதர், பூசி மெழுகத் தெரியாதவர். "வயித்திலை புழு. உடம்பிலை இரத்தமே இல்லை. இவ்வளவு நாளும் ஏன் கொண்டு வரேல்லை?" என்று அதட்டினார். "மருந்து நாங்கள் குடுப்பம். அதுக்குப் பிறகு சாப்பாடு பிடிச்சு உடம்பு ஏற வேணும். ஏறினால் பயமில்லை." ஏறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நாகையா கேட்கவும் இல்லை.

பந்தய நாளன்று வீரம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். நாகையா கோணிப்பையில் ஆற்று மணலைக் கொட்டி, தன் எடைக்குச் சரியாக நிறுத்து, படகில் தான் உட்காரும் இடத்தில் கட்டிவைத்தார். "நானும் இதுவும் ஒண்ணுதான் தவுக்கே. இது பேசாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். மணல் மூட்டையும் தவுக்கேயுமாக இரண்டாவது பரிசு வாங்கினார்கள். தவுக்கே ஈரச் சட்டையோடு வெள்ளிக் கோப்பையை நேரே வார்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். இதில் கஞ்சி குடிக்கலாமா என்று வீரம்மா கேட்க, "போலே, போலே!", குடிக்கலாம் என்று சொல்லி அவரே ஊற்றிக் கொடுத்தாராம்.

மூன்று வாரத்தில் வீடு திரும்பியபோது வீரம்மா நூற்றுப் பன்னிரண்டுதான். ஆனால் சோறு இறங்கியது. படகில் ஏறலாமா என்று டிரஸ்ஸரிடம் கேட்டதற்கு, மெள்ளப் போனால் ஏறலாம் என்றார். அவர்கள் மெள்ளப் போகிறார்கள் என்று நான் எங்கும் சொல்லப்போவதில்லை. நாகையா ஒரு சிறு கான்வாஸ் பை தைத்து, பதினாறு ராத்தல் மணல் போட்டு, வீரம்மாவின் பக்கத்தில் வைக்கிறார். கம்பி மூன்றாம் துளையிலேயே இருக்கிறது. அதை இரண்டாம் துளைக்கு மாற்றினால் பையே வேண்டாமே என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஞானத்தில் சொல்லிப் பார்த்தேன்.

"மாத்தமாட்டேன் ஐயா. அது அவ துளை" என்றார்.

இப்போதெல்லாம் அவர் யாருக்கும் எடை சொல்வதில்லை. போன ஞாயிறு நானாகவே போய், தங்கை வீட்டுச் சாப்பாட்டில் எவ்வளவு ஏறியிருக்கிறேன் சொல்லுங்கள் என்றேன். "தராசுல ஏறிக்கங்க ஐயா. கண்ண நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே தராசில் ஏறி நின்றிருந்த வீரம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். தராசின் முள் நடுங்கி அடங்கும்வரை மூன்று பேரும் மூச்சை விடவில்லை. நூற்று இருபத்தொன்று. முந்தைய வாரம் நூற்றுப் பத்தொன்பது.

நாகையா படகுக்குப் போய்ப் பையின் கயிற்றை அவிழ்த்தார். இரண்டு கையாலும் மணலை அள்ளி, குனிந்து, ஆற்றில் விட்டார். இன்னொரு கை அள்ளி விட்டார். பையைத் தூக்கிப் பார்த்து இறுக்கிக் கட்டினார். பிறகு வீரம்மா ஏறுவதற்காகக் கையை நீட்டியவர், ஏதோ நினைத்துக்கொண்டு கையை இழுத்து, விரலில் ஒட்டியிருந்த நாலு மணலையும் தண்ணீரில் அலசிவிட்டு, மறுபடி நீட்டினார்.